விரால் கொள்ளாம், குஞ்சு எங்கே? குமரிக் குளங்களில் அயல் மீனும் நாட்டு மீனும்

நாகர்கோவிலில் காலை நேரத்தில் சாலையோரம் உட்கார்ந்திருக்கும் குளத்து மீன்காரரிடம் "நாட்டு மீன் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். ஈரச் சாக்கை விலக்கி, "எல்லாம் நாட்டு மீன்தான், பாருங்க, துடிக்குது" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கடலில் பிடிக்காதது, ஐஸ் படாதது, பக்கத்துக் குளத்தில் விடியற்காலை வலையில் விழுந்தது எல்லாம் அவருக்கு நாட்டு மீன். அதே கூடையை மீன் ஆராய்ச்சி செய்கிற ஒருவர் பிரித்துப் போட்டால் கணக்கு வேறாக வரும். பாதிக்கு மேல் சிலேபி. அதன் ஊர் தென்கிழக்கு ஆப்பிரிக்கா. பெரிய செதிலோடு கிடக்கும் கட்லாவும் ரோகுவும் கங்கைச் சமவெளிக்காரர்கள். செதிலே இல்லாமல் வழுவழுவென்று 'அசாம் வாளை' என்ற பெயரில் கிடப்பது மீகாங் ஆற்று மீன். அசாமுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஓரத்தில் தனி வாளியில், விலை கேட்கவே யோசிக்கும்படி இரண்டு விரால் கிடந்தால், அவை மட்டும்தான் இந்த மண்ணில் பிறந்தவை.

இந்தக் கூடை எப்படி இப்படி ஆனது, இதை மாற்ற முடியுமா என்பதுதான் இப்போது நன்னீர் மீன் ஆராய்ச்சியில் திரும்பத் திரும்பப் பேசப்படுகிற விஷயம். நான் மீன் ஆராய்ச்சியாளன் இல்லை. துவர்த்தை (தோளில் போடும் துண்டை) விரித்து வயல் ஓடையில் கெண்டைப் பொடி பிடித்து வளர்ந்தவன், அவ்வளவுதான். ஆனால் படித்ததையும் குளத்தங்கரையில் கேட்டதையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அயல் மீனை ஒழிப்பது பற்றி நாம் நிறையப் பேசுகிறோம்; நாட்டு மீனின் குஞ்சு எங்கே கிடைக்கும் என்பது பற்றிக் கொஞ்சமாகத்தான் பேசுகிறோம். முடிச்சு இருப்பது இரண்டாவதில்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். வெளியூர் மீன் எல்லாம் ஆக்கிரமிப்பு மீன் ஆகிவிடாது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் தெற்கே கொண்டுவரப்பட்டவைதான். காவிரிக்கே கட்லா 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. ஆனால் இவை தேங்கி நிற்கும் குளத்தில் முட்டையிடாது. பெருக்கெடுத்து ஓடும் ஆற்று வெள்ளம் வேண்டும். அதனால்தான் 1957 ஜூலை 10ஆம் தேதி ஹீராலால் சௌத்ரி ஒடிசாவில் இந்தப் பெருங்கெண்டைகளுக்குப் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு முட்டையிட வைத்தது அவ்வளவு பெரிய சாதனையானது; அந்த நாளைத்தான் இன்றும் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். குளத்தில் விட்ட கட்லாவைப் பிடித்து முடித்தால் கட்லா முடிந்தது. அடுத்த வருடம் மறுபடியும் குஞ்சு வாங்கித்தான் விட வேண்டும். விருந்தாளி மாதிரி, கூப்பிட்டால் வரும். சாதாக் கெண்டை அப்படியல்ல, தேங்கிய நீரிலும் பாசியில் முட்டையை ஒட்டிவைத்துவிடும். இரை தேடிச் சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கியும் விடும். சிலேபி அதற்கும் மேலே. கூப்பிடவே வேண்டாம், போகச் சொன்னாலும் போகாது.

தானே இனம் பெருக்கி, விட்ட இடத்திலிருந்து பரவி, அங்கே ஏற்கனவே இருந்தவற்றின் இடத்தையோ இரையையோ பறித்தால்தான் ஒரு உயிரினத்தை ஆக்கிரமிப்பு இனம் என்கிறார்கள். வந்து சேர்வது, நிலைகொள்வது, பரவுவது என்று இதில் படிகள் இருக்கின்றன. முதல் படியில் தடுப்பது மலிவு. மூன்றாவது படியில் தடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். 2022இல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட பல்லுயிர் ஒப்பந்தத்தில், அயல் ஆக்கிரமிப்பு இனங்கள் புதிதாக வந்து நிலைகொள்ளும் வேகத்தை 2030க்குள் பாதியாவது குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்ததும் இதனால்தான். இருப்பதை ஒழிப்போம் என்று அவர்களே பெரிதாக வாக்குக் கொடுக்கவில்லை.

குமரிக்கு மட்டும் ஏன் கூடுதல் தலைவலி

தமிழ்நாட்டின் மற்றப் பல மாவட்டங்களில் ஏரியும் குளமும் கோடையில் வெடித்துக் காய்ந்துவிடும். அந்தக் காய்ச்சல் கொடுமையானது என்றாலும் மீன் விஷயத்தில் அது ஒரு சல்லடை. விராலும் பனையேறிக் கெண்டையும் தேளியும் காற்றைச் சுவாசிக்கத் தெரிந்தவை. ஈரச் சேற்றில் புதைந்து அடுத்த மழைவரை தாக்குப்பிடிக்கும். சிலேபியால் அது முடியாது. குளம் முழுக்க வறண்டால் சிலேபிக் குடும்பமும் வறண்டுபோகும். மறுபடி யாராவது கொண்டுவந்து விட்டாலோ, வெள்ளத்தில் வந்தாலோதான் உண்டு.

நம் ஊரில் அந்தச் சல்லடை கிடையாது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டம். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூவும் கும்பப்பூவும் என்று இரண்டு பூ (போகம்) நெல் விளைந்தது அதனால்தான். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் ஜூன் 1ஆம் தேதி தண்ணீர் திறந்து பிப்ரவரி கடைசியில் மூடுவது வழக்கம். வருடத்தில் ஒன்பது மாதம் சானலில் தண்ணீர், சானலிலிருந்து குளத்துக்குத் தண்ணீர், குளம் நிறைந்தால் மறுகால் வழியாக அடுத்த குளத்துக்கு. மாவட்டத்தில் 2,000க்கு மேற்பட்ட குளங்கள் என்று சொல்வார்கள். அவற்றை 2,000 தனித்தனிக் குளங்களாக நாம் நினைக்கிறோம். மீனைக் கேட்டால் பெரும்பாலானவை ஒரே குளம் என்று சொல்லும், நடுவில் கொஞ்சம் மதகு இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. பறளியாற்றுத் தண்ணீரை மறித்துப் பாண்டியன் கால் வழியாகப் பழையாற்றுக்குத் திருப்பியது பழங்காலத்து வேலை. 1906இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடித்த பிறகு கோதையாற்றுத் தண்ணீரும் இந்தப் பின்னலில் சேர்ந்துகொண்டது. இயற்கையில் குழித்துறைத் தாமிரபரணியாக ஓடித் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் சேர வேண்டிய தண்ணீரில் ஒரு பங்கு, இப்போது நாஞ்சில் வயல்களில் பாய்ந்து பழையாறு வழியாக மணக்குடிக்குப் போகிறது. இராதாபுரம் கால்வாய் வழியாக மாவட்ட எல்லையைத் தாண்டித் திருநெல்வேலிப் பக்கமும் போகிறது. தண்ணீர் போன வழியில் மீனும் போகும். ஒரு நதிப் படுகையில் தவறி விழுந்த அயல் மீனுக்கு அடுத்த படுகைக்குப் போக நம் முன்னோர்களே வழி வெட்டிவைத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் காலத்தில் சிலேபி ஆப்பிரிக்காவில்தான் இருந்தது.

அருவி தடுக்காதா என்று சிலர் கேட்பார்கள். திற்பரப்பு மாதிரி ஒரு அருவி கீழே இருக்கிற மீன் மேலே ஏறுவதைத்தான் தடுக்கும். மேலே அணையில் விட்ட குஞ்சு கீழே வருவதைத் தடுக்காது.

சிலேபி என்னும் நல்ல தாய்

சிலேபியைக் கொண்டுவந்தவர்கள் வில்லன்கள் இல்லை. 1952இல் சிலேபி என்று நாம் சொல்லும் மொசாம்பிக் திலாப்பியா இந்தியாவுக்கு வந்தபோது நாட்டில் உணவுப் பஞ்சம், ஏழைக்குப் புரதம் வேண்டும் என்ற கவலை. எந்தத் தண்ணீரிலும் வளரும், எதையும் தின்னும், நோய் வராது. எல்லாமே நல்ல குணங்களாகத் தெரிந்தன. ஏழே வருடத்தில், 1959இல், இதை மேற்கொண்டு பரப்ப வேண்டாம் என்று இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு சொல்ல வேண்டிவந்தது. அதற்குள் அது தென்னிந்தியக் குளங்களில் பத்திரம் பதிந்துவிட்டது.

அதன் வெற்றிக்குக் காரணம் தாய்மைதான். ஆண் மீன் குளத்தின் அடியில் தட்டு மாதிரி ஒரு பள்ளம் தோண்டும். பெண் அங்கே முட்டையிட்டு, உடனே முட்டையை எல்லாம் வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். ஏறக்குறைய இரண்டு வாரம் இரை தின்னாமல் வாயிலேயே அடைகாக்கும். குஞ்சு வெளியே வந்த பிறகும் ஆபத்து என்றால் தாயின் வாய்க்குள் ஓடி ஒளியும். இரண்டு மூன்று மாத வயதிலேயே முட்டையிடத் தயார். அப்புறம் ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை. ஒரு தடவையில் இடும் முட்டை சில நூறுதான். லட்சக்கணக்கில் முட்டையிட்டுவிட்டு ஆற்றோடு விட்டுவிடும் கட்லாவைவிட, சில நூறை வாயில் வைத்துக் காக்கும் சிலேபி முந்துகிறது.

நெருக்கம் கூடினால் அது குள்ளமாகவே நின்றுவிடும். உள்ளங்கை அளவில் வளர்ச்சி நின்று, அந்த அளவிலேயே முட்டையிட ஆரம்பிக்கும். குளம் நிறைய மீன், தூக்கிப் பார்த்தால் எல்லாம் பொடி. குத்தகைக்காரர் தலையில் கை வைப்பது இங்கேதான்.

இதில் நேரடியாக அடிபடுவது கரிமீன். மடகாஸ்கரில் சொந்தக்காரர்களைக் கொண்ட பழைய குடும்பம் அது. சிலேபியும் கரிமீனும் தூரத்துப் பங்காளிகள்தான். கரிமீன் கல்லிலோ, நீரில் கிடக்கும் கட்டையிலோ முட்டையை வரிசையாக ஒட்டிவைத்து, ஆணும் பெண்ணும் சேர்ந்து காவல் இருக்கும். காவல் இருக்க அமைதியான இடம் வேண்டும். குளத்தின் அடியெல்லாம் பள்ளம் தோண்டி, எல்லைச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் சிலேபிக் கூட்டத்துக்கு நடுவே அந்த இடம் கிடைப்பதில்லை. கேரளம் 2010இல் கரிமீனை மாநில மீனாக அறிவித்துக் கொண்டாடுகிறது. அதே மீன் மணக்குடிக் காயலிலும் தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்திலும் இருக்கிறது. நமக்கு அது தட்டில் வந்தால் மட்டும் ஞாபகம் வரும்.

சரி, சிலேபியை மொத்தமாகத் திட்டிவிட முடியுமா? என்னால் முடியவில்லை. வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் குளம் குளமாகப் போகிறவர்களின் அன்றாட வருமானம் அதுதான். கடல்மீன் விலை ஏறிக்கிடக்கும் தடைக்காலத்தில் பல வீட்டுக் குழம்பு அதுதான். 2022இல் ராம்சர் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் குளங்களிலும் வேம்பனூரிலும் வந்திறங்கும் பறவைகள் மீனின் பிறப்புச் சான்றிதழ் பார்த்துத் தின்பதில்லை. எழுபது வருடம் ஆகிவிட்டது. அதைப் பிடுங்கினால் அதோடு பிடுங்கிக்கொண்டு வரும் வேர்களையும் எண்ண வேண்டும்.

இன்று அரசே ஊக்குவிக்கும் 'கிப்ட்' திலாப்பியா வேறு. அது நைல் திலாப்பியாவின் தேர்ந்தெடுத்து மேம்படுத்திய ரகம். 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய வேலை. சீக்கிரம் வளரும். குஞ்சிலேயே ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக்கித்தான் விற்க வேண்டும், பண்ணையைப் பதிவு செய்ய வேண்டும், தண்ணீர் வெளியேறும் இடத்தில் வலை போட வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது. விதி தாளில் சரி. ஒக்கிப் புயல் வந்த 2017 நவம்பர் கடைசியிலோ, 2021 நவம்பர் மழையிலோ இங்கே இருந்தவர்களிடம் கேளுங்கள். குளம், வயல், ரோடு எல்லாம் ஒரே மட்டமாகத் தண்ணீர் நிற்கும்போது வலை எதைத் தடுக்கும்? ஆணாக மாறாமல் தப்பிய சில பெண் மீன்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கும்.

மற்றவர்கள்

ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க மத்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை போட்டது. இன்றும் எங்காவது ஒளித்து வைத்து வளர்த்த குட்டையை அதிகாரிகள் அழித்தார்கள் என்று செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. கோழிக் கழிவைக் கொட்டினால் போதும், அதைத் தின்று கிடுகிடுவென்று வளரும், அதுதான் கவர்ச்சி. இது சிலேபி மாதிரி இடத்துக்குச் சண்டை போடுகிற மீன் இல்லை, எதிரே வருவதை விழுங்குகிற மீன். காற்றைச் சுவாசிக்கும், ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த ஓடைக்குப் போகும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துக்கே உரிய ஒரு நாட்டுக் கெளுத்தி இருக்கிறது, மலையாளத்தில் முஷி என்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒரே சாயல். கறிக்கடையில் எது எது என்று பிரித்துச் சொல்ல பெரும்பாலானவர்களால் முடியாது. அந்தச் சாயல்தான் தடை செய்யப்பட்ட மீனுக்கு முகமூடி.

மீன்தொட்டிக் கடையில் 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் சக்கர் மீன் வேறு வகைத் தொல்லை. விரல் நீளத்தில் வாங்குவோம், ஒரு முழம் வளரும். கொல்ல மனம் வராது. பக்கத்துக் குளத்தில் விட்டால் புண்ணியம் என்று விட்டுவிடுவோம். உடம்பு முழுக்கக் கவசம், வலையில் சிக்கினால் வலை கிழியும், தின்ன ஆள் கிடையாது. கரையில் வளை தோண்டுகிற பழக்கம் வேறு. மண்கரைக் குளங்கள் நிறைந்த மாவட்டத்துக்கு அது நல்ல செய்தி அல்ல. திருவனந்தபுரம் நகரத்துக் கால்வாயில் இதைக் கண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதிப் பல வருடம் ஆகிறது. அங்கிருந்து நம் எல்லையான களியக்காவிளை எவ்வளவு தூரம்? 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு சாலக்குடி ஆற்றில் அமேசானின் அராபைமா வலையில் விழுந்தது. யாரோ ஆசையாக வளர்த்ததுதான்.

கொசுவை ஒழிக்க என்று 1928இல் இத்தாலி வழியாக வந்த கம்பூசியாவைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். அது கொசுப்புழுவையும் தின்னும், தவளை முட்டையையும் சின்ன மீன்களின் குஞ்சையும் தின்னும். கொசுப்புழு தின்ன நம் ஓடைகளிலேயே ஒரு மீன் இருக்கிறது. நீர்மட்டத்தை ஒட்டியே நிற்கும், மேலேயிருந்து பார்த்தால் தலையில் ஒரு வெள்ளிப் பொட்டு மின்னும். மானத்துக்கண்ணி என்று மேற்கே, கேரளத்தில் சொல்வார்கள். துவர்த்தில் பிடித்தால் முதலில் விழுவதும் அதுதான். அதைத் தொட்டியில் பெருக்கிக் கிணறுகளில் விடுவதற்குப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம்.

ஆகாயத்தாமரையையும், ஆப்பிரிக்கன் பாயல் என்னும் மிதக்கும் நீர்ச்செடியையும் இங்கே விரித்து எழுதவில்லை. ஆனால் மீனோடு அவற்றுக்குத் தொடர்பு உண்டு. பாயல் மூடிய குளத்தில் வெளிச்சம் இறங்காது, இரவில் நீரில் கரைந்த ஆக்சிஜன் குறையும். காற்றைச் சுவாசிக்கும் மீன்கள்கூட மேலே வந்து மூச்சு விட இடைவெளி தேடும். 1980களில் பாயலைத் தின்னும் ஒரு வண்டைக் கொண்டுவந்து விட்டுக் கேரளத்தில் நல்ல பலன் கண்டார்கள். ஆக்கிரமிப்பு இனங்களின் கதையில் அரிதாக வரும் நல்ல அத்தியாயம் அது. மீனுக்கு அப்படி ஒரு வண்டு கிடையாது.

ஆராய்ச்சி எதை எண்ணுகிறது

ஒரு குளத்தில் அயல் மீன் நிலைகொண்டுவிட்டதா என்று பார்க்க ஆராய்ச்சியாளர்கள் எளிமையான சில கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எல்லா அளவிலும் மீன் கிடைக்கிறதா? வயிறு நிறைய முட்டையோடு பெண் மீன் இருக்கிறதா? வருடத்தில் எத்தனை மாதம்? பெரிய மீன் ஒன்று மட்டும் கிடைத்தால் யாரோ விட்டது. பொடியும் நடுத்தரமும் பெரிதும் சேர்ந்து கிடைத்தால் அது அங்கே குடித்தனம் நடத்துகிறது என்று பொருள். குடலைத் திறந்து என்ன தின்றது என்று பார்ப்பது அடுத்த வேலை. இப்போது ஒரு குடுவைத் தண்ணீரை வடிகட்டி, மீன்கள் அதில் உதிர்த்துவிட்ட மரபணுத் துணுக்குகளைக் கொண்டே எந்தெந்த மீன் இருக்கிறது என்று சொல்லும் முறையும் வந்துவிட்டது. சக்கர் மீன் ஒன்றிரண்டு மட்டும் இருக்கிற ஆரம்ப நிலையைக் கண்டுபிடிக்க வலையைவிட இது கெட்டிக்காரத்தனமானது.

கணக்கெடுப்பு முடிவுகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எந்த வலையால் பிடித்தார்கள்? வீச்சு வலையைத் திறந்த நீரில் வீசினால் சிலேபிதான் விழும். விரால் தாமரைக்கொடி அடியில் ஒதுங்கி நிற்கும், ஆரல் சேற்றில் இருக்கும், விலாங்கு கல் இடுக்கில். ஒரே வலையால் எடுத்த கணக்கில் நாட்டு மீன் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரிய வாய்ப்பு உண்டு. குளத்தில் வேலை செய்கிறவர்களைக் கேட்டு, பல வகை வலையும் தூண்டிலும் போட்டு எடுத்த ஆய்வுதான் என் கண்ணுக்கு நம்பகமானது.

இதற்கெல்லாம் ஆள் இல்லாத மாவட்டமும் இல்லை இது. பறக்கையில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது, இராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம், நாகர்கோவிலில் பழைய கல்லூரிகளின் விலங்கியல் துறைகள். நாட்டு மீனைத் தொட்டியில் முட்டையிட வைக்கும் முறைகளும் கையில் இருக்கின்றன. புவனேஸ்வரின் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் விரால், பனையேறி, நாட்டுக் கெளுத்திக்கு முறை வகுத்திருக்கிறது. சென்னையின் உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் கரிமீனுக்கு. தேசிய மீன் மரபணு வளப் பணியகத்தின் கொச்சி மையமும் குமரகத்து வேளாண் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து மஞ்சக்கூரி என்ற நாட்டு மீனைப் பெருக்கிக் காட்டின.

குஞ்சு

அப்படியானால் குளத்தில் ஏன் இன்னும் சிலேபி? எனக்குத் தெரிந்த ஒரு குத்தகைக்கார அண்ணன் ஒரு வரியில் சொன்னார்: "விராலு கொள்ளாம் மக்ளே, வெலயும் உண்டு. குஞ்சு எங்க இருக்கு?" (கொள்ளாம் என்றால் நல்லது.)

சிலேபிக்கு ஒருமுறை குஞ்சு வாங்கினால் போதும், சில சமயம் அதுகூட வேண்டாம். மேல் குளத்திலிருந்து தானே வரும். கட்லா, ரோகு குஞ்சு அரசுப் பண்ணையிலும் தனியாரிடமும் கிடைக்கிறது, விலையும் குறைவு. விரால் குஞ்சுக்கு வெளியூருக்குச் சொல்லி, ஆக்சிஜன் நிரப்பிய பாலிதீன் பையில் வரவழைக்க வேண்டும். வந்த குஞ்சு தீவன உருண்டையைத் தின்னப் பழகியதா என்பது அடுத்த கவலை. விரால் பிறவியிலேயே அசையும் இரையைத்தான் பிடிக்கும். முதலில் நீரில் மிதக்கும் நுண்ணுயிர், அப்புறம் புழு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீவனம் என்று பழக்க வேண்டும். ஒரு வாரம் அசந்தால் பெரிய குஞ்சு சின்னக் குஞ்சை விழுங்கிவிடும். அடிக்கடி பிடித்து அளவு பிரித்துத் தனித்தனியாக விட வேண்டும். இந்த உழைப்புதான் விராலின் விலை.

கரிமீனில் சிக்கல் வேறு மாதிரி. ஒரு ஜோடி ஒரு தடவைக்குச் சில ஆயிரம் முட்டை வைத்தாலே அதிகம். ஊசி போட்டு லட்சக்கணக்கில் எடுக்கிற மீன் இல்லை. ஜோடி சேர விட்டு, ஓடோ மட்டையோ போட்டுக் கொடுத்து, பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். வளர்ச்சியும் மெதுவு. ஆனால் வீட்டுக்குப் பின்னால் பத்து ஜோடி வைத்துக் குஞ்சு எடுத்து விற்க முடிகிற மீனும் இதுதான். பெரிய முதலீடு இல்லாத பெண்கள் குழுக்களுக்கு இது ஒத்துவரும் என்று நான் நினைக்கிறேன்.

குத்தகை முறையும் கையைக் கட்டுகிறது. மீன் பாசி ஏலம் எடுத்தவருக்குச் சில வருடம்தான் குளம் சொந்தம். அதே குளத்தில் தாமரைக்கு வேறொருவர் குத்தகை, தண்ணீருக்கு விவசாயி உரிமை. மடையைத் திறந்தால் மீன்காரருக்கு வருத்தம், மூடினால் வயல்காரருக்கு. இந்த நிலையில் மெதுவாக வளரும், விலையுயர்ந்த குஞ்சை யார் விடுவார்கள்? மறுகால் பாய்ந்தால் பணம் போட்ட விரால் அடுத்த ஏலக்காரரின் குளத்தில் போய் நிற்கும். குத்தகைக் காலத்தை நீட்டி, நாட்டு மீன் விடுகிறவருக்கு ஏலத்தொகையில் சலுகை கொடுத்தால் கணக்கு மாறும். 2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீன்வளத்துக்கு 20,050 கோடி ரூபாய் அறிவித்தார்கள். படுதாக் குளமும், கழிவை நுண்ணுயிர்களைக் கொண்டு சரிசெய்யும் பயோபிளாக் தொட்டியும் நம் ஊர்ப் பக்கம் வந்தன. அவற்றில் பலர் விட்டது திலாப்பியாவைத்தான், ஏனென்றால் கேட்டவுடன் கிடைத்த குஞ்சு அது.

நாட்டு மீன் வளர்ப்பு என்ற பெயரிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். காட்டுக் குளத்தில் தாயும் தந்தையும் காவல் இருக்கும் செந்நிற விரால் பார்ப்பை (குஞ்சுக் கூட்டத்தை) அப்படியே அள்ளி வளர்க்கக் கொடுப்பது நாட்டு மீன் வளர்ப்பு அல்ல. ஒரு குளத்தைக் காலி செய்து இன்னொன்றை நிரப்புவது. பார்ப்பைக் காக்கிற விராலைத் தூண்டிலில் பிடிப்பது அதைவிட மோசம், காவல் போனால் பார்ப்பு முழுவதும் அன்றே அடுத்த மீன்களுக்கு இரை. புதுமழைக்கு வயலேறி முட்டையிடப் போகும் மீனைப் பிடிப்பதை மேற்கே 'ஊத்த' என்பார்கள் (நமக்கு ஊத்தா என்றால் மீன் மூடிப் பிடிக்கும் கூடை). கேரளம் 2010ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டத்தில் இதற்குத் தடை கொண்டுவந்தது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அதே மழை, அதே மீன்.

வங்காளத்திலிருந்து வரும் பனையேறிக் குஞ்சும் பெயரளவில் நம் பனையேறிதான். ஆனால் பெரிதாக வளரும் வியட்நாம் வகை அது. 1791இல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் ஒரு மீன் ஏறி இருந்ததைப் பார்த்ததாக எழுதி அந்தப் பெயரை உலகம் முழுக்கப் பரப்பினார். அவர் பார்த்த மீனும் இன்று பையில் வருவதும் ஒரே வம்சமா என்று மரபணு பார்த்தால்தான் சொல்ல முடியும். அதனால் குஞ்சுப் பண்ணை வைத்தால், இந்த மாவட்டத்து ஆற்றிலும் குளத்திலும் பிடித்த தாய் மீனை வைத்துத் தொடங்க வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை தாய் மீனை மாற்றவும் வேண்டும். ஒரே பத்து மீனின் பிள்ளைகளால் 2,000 குளத்தை நிரப்பினால் அது வேறொரு தவறு.

அந்த அண்ணன் போன வருடம் தன் சொந்தக் குட்டையில் ஒரு வேலை பார்த்தார். விரால் குஞ்சு விரல் நீளம் வந்ததும், சிலேபி நிறைந்த பக்கத்துத் தொட்டியிலிருந்து பொடியை மட்டும் அரித்து எடுத்து அதற்குப் போட்டார். தீவனச் செலவு பாதியாகக் குறைந்தது என்கிறார். தாய்லாந்து போன்ற நாடுகளில் சிலேபி பெருகுவதைக் கட்டுப்படுத்த விராலை அதே குளத்தில் விடுவது ஏற்கனவே சோதித்துப் பார்த்த முறைதான். அவர் அதைப் படித்துச் செய்யவில்லை. இந்த வருடம் ஏலக் குளத்திலேயே விடலாமா என்று யோசிக்கிறார். மடையில் போட இரண்டு விரல் கண்ணி வலை போதுமா, ஒரு விரல் கண்ணி வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். ஒரு விரல் கண்ணி என்றால் தாமரை இலை வந்து அடைக்கும், வயல்காரர் சண்டைக்கு வருவார். இரண்டு விரல் என்றால் விரால் தங்கும், சிலேபிப் பொடி கீழ்க் குளத்துக்குப் போகும். ஏலம் அடுத்த மாதம் என்றார்.